தெய்வத்திரு பாலகுருசாமி

பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள், கண்ணுகளா. இடம் இருக்கிறது, நெருக்கி உட்காருங்கள். உயிரோடு இருந்த ஒரு மனிதரை ஒரு கல்யாணப் பத்திரிகை சாகடித்துவிட்ட கதையைச் சொல்கிறேன். பயப்பட வேண்டாம், இதில் ரத்தம் வராது. ஒரு கம்ப்யூட்டரும் ஒரு கட்டைவிரலும்தான் வரும்.

இது நடந்தபோது நாட்டில் முக்கால்வாசி மேஜைக் கம்ப்யூட்டர்களில் ‘கூடம்’ என்ற இயங்குதளம்தான் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் தெரிகிற முகப்பு, ஃபைல்களை அடுக்கி வைக்கிற அலமாரி, எல்லாம் அதுதான். அதன் ஓரத்தில் ‘விருப்பப் பெட்டி’ என்று ஒன்று இருந்தது. இந்தக் கம்ப்யூட்டர் இன்னும் என்ன செய்தால் தேவலை என்று யார் வேண்டுமானாலும் அதில் எழுதிப் போடலாம். ஒரு லட்சம் பேர் ‘எனக்கும் வேண்டும்’ என்று அழுத்திவிட்டால், கூடத்துக்காரர்கள் அதைச் செய்து கொடுத்துவிடுவார்கள். கீபோர்டின்மேல் பூனை நடந்தால் எழுத்து விழக் கூடாது என்று ஒரு தையல்காரர் கேட்டார். கிடைத்தது. இறந்துபோன மகனின் குரல் இருக்கிற ஃபைல், தன் கை தவறி அழித்தாலும் அழியக் கூடாது என்று ஒரு அம்மா கேட்டாள். அதுவும் கிடைத்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் மேலதிகாரி ஏதாவது அனுப்பினால் ‘நாளைக்குப் பார்க்கலாமே’ என்று கம்ப்யூட்டரே பதில் போட வேண்டும் என்று ஒரு குமாஸ்தா கேட்டார். அதற்கு மட்டும் ஒரே நாளில் லட்சம் பேர் சேர்ந்தார்கள்.

அருப்புக்கோட்டையில் ராஜகனியும் ஒன்று கேட்டாள். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிற கடை அவளுடையது.

அந்தத் தொழிலில் புதுப் பத்திரிகையை யாரும் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். பழைய ஃபைலைத் திறப்பார்கள். பெயரை மாற்றுவார்கள், தேதியை மாற்றுவார்கள், வேறு பெயர் கொடுத்துச் சேமிப்பார்கள். மூத்தவளுக்கு அடித்த ஃபைலில்தான் இளையவளுக்கும் அடிப்பார்கள். இடையில் மூன்று வருஷம் ஓடியிருக்கும், தாத்தா காலமாகியிருப்பார், ராஜகனிக்கு அது எப்படித் தெரியும்? ஒரு தடவை ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ வரிசையில், திவசம் முடிந்த மனிதர் ஒருவர் நின்று ஊரையே அழைத்துவிட்டார். அந்த வீட்டார் வந்து போட்ட சத்தத்தில் கீழே இருந்த ஜூஸ் கடைக்காரர் என்னமோ ஏதோவென்று மேலே ஏறி வந்தார். அன்றைக்குத்தான் ராஜகனி பெட்டியில் எழுதினாள்: ‘ஒரு ஆளைப் பற்றி ஓர் இடத்தில் திருத்தினால், அந்த ஆள் வருகிற எல்லா ஃபைலிலும் தானாகவே திருந்த வேண்டும்.’

பதினான்கு மாதத்தில் லட்சம் சேர்ந்தது. ‘ஒரே ஆள்’ என்று பெயர் வைத்துக் கொடுத்தார்கள். முதலில் அது ஒரு கம்ப்யூட்டருக்குள் மட்டும் வேலை செய்தது. பிறகு வீடு மாறினவர்களும் வேலை மாறினவர்களும் கேட்கக் கேட்க, ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டியது. வங்கி, ரேஷன், ஆஸ்பத்திரி என்று எல்லாரும் சேர்த்துக்கொண்டார்கள். ஓர் இடத்தில் சொன்னால் போதும், பத்து இடத்துக்கு அலைய வேண்டாம். ஜனங்களுக்கு அது பெரிய நிம்மதி. அந்த வசதியைத் திறந்தால் அடியில் பொடி எழுத்தில் ‘கேட்டவர்: ராஜகனி, அருப்புக்கோட்டை’ என்று இருக்கும். கடைக்கு வந்த ஒருவருக்கும் அவள் அதைக் காட்டாமல் விட்டதில்லை.

சித்திரையில் ஒரு நாள் தங்கபுஷ்பம் வந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஒரே மகள் வர்ஷினிக்குக் கோவில்பட்டியில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. ராஜகனி வழக்கம்போல் ஒரு பழைய ஃபைலைத் திறந்து பெயர்களை மாற்றிக்கொண்டே வந்தாள்.

“பொண்ணோட அப்பா பேரு என்னக்கா?”

“பாலகுருசாமி. முன்னால தெய்வத்திருன்னு போட்டுரு கனி.”

ராஜகனியின் விரல் நின்றது. அந்த மனிதர் பதினொரு வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடிக்கு உப்புக் கம்பெனி வேலைக்குப் போனவர், அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார் என்று ஊரில் அரைகுறையாகப் பேசிக்கொள்வார்கள்.

“அண்ணாச்சி எப்பக்கா…”

“போட்டுரும்மா.”

ராஜகனி போட்டாள். டீக்கடை வைத்திருக்கிறவருக்குத் தொழிலதிபர் என்றும், ஒரே ஒரு தடவை துபாய் போய்வந்தவருக்குப் பெயரோடு துபாய் என்றும் போடுகிற கைதானே அது. ஒரு வீட்டுக்காரர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறாரோ அப்படிப் போட்டுக் கொடுப்பதுதான் அவள் வேலை.

திரையில் ஒரு கேள்வி வந்தது: ‘இவர் காலமானவரா?’ இல்லை என்று அழுத்தினால் கம்ப்யூட்டர் தெய்வத்திருவை எடுத்துவிடும். ராஜகனி ‘ஆம்’ அழுத்தினாள். பிறகு வழக்கம்போல், புரூஃப் சரி என்பதற்கு அடையாளமாக, தங்கபுஷ்பம் கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலை வைத்தாள். சாமிக்கும் பெரியவர்களுக்கும் வைக்க ஐம்பது காகிதத்தில் அச்சானது. மற்றபடி அறுநூறு பேருக்கு ஃபைலாகவே போனது.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, புதன்கிழமை காலையில், ஒரு மனிதர் படியேறி வந்தார். பாதிப் படியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏறி வந்தார். நாற்காலியைக் காட்டியதும் உட்கார்ந்துகொண்டார்.

“தாயி, இந்தக் கடையிலதான் என்னையக் கொன்னதாச் சொன்னாக” என்றார்.

ராஜகனிக்கு ஆள் தெரியவில்லை. “யாருண்ணாச்சி நீங்க?”

“பாலகுருசாமி. தெய்வத்திரு.”

அவர் குரலில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னார். இதய வால்வு பழுது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். சேரப் போனால் அவருடைய ஃபைல் திறக்கவில்லை.

“உயிரோட முன்னால நிக்கிறேனே தாயீன்னு அந்த நர்ஸம்மாகிட்டச் சொன்னேன். நிக்கிறது தெரியுதுய்யா, ஆனா ஃபைல் திறக்காம ஒரு பாட்டில் ரத்தம்கூட எடுக்க முடியாதுன்னாங்க. மருந்து, மயக்க ஊசி எல்லாம் அது வழியாத்தானாம். எப்ப செத்தேன், யாரு சொன்னான்னு கேட்டேன். அந்தம்மா திரையைத் திருப்பிக் காட்டுச்சு. ஆதாரம், கல்யாணப் பத்திரிகை. மணமகள் வர்ஷினி. எம்மகளுக்குக் கல்யாணம்னு எனக்கு அப்பத்தான் தெரியும்.”

ராஜகனி அந்தப் பத்திரிகையைத் திறந்தாள். பெயரின்மேல் வைத்து ‘காலமானவர்’ என்பதை எடுக்கப் பார்த்தாள். திரை மறுத்தது.

“ஏன் தாயி, நீ போட்டதுதானே?”

“நான் போட்டதுதான் அண்ணாச்சி. ஆனா வீட்டு ஆளு கைரேகை வச்சுருக்காங்க. புரூஃப் பாத்தாச்சுங்கிறதுக்காக நாங்க வாங்குற ரேகை அது. கம்ப்யூட்டர் அதை, குடும்பத்துல ஒருத்தர் நேர்ல வந்து சாட்சி சொன்னதா எடுத்துக்கிருச்சு. செத்தவங்க பேர்ல பென்சன் வாங்குறதுக்காக எவனாவது திருப்பி உயிர் குடுத்துருவான்னு, எடுக்கணும்னா அதே விரல்தான் வேணும்னு வச்சுருக்காங்க.”

“இல்லேன்னா?”

“தாலுகா ஆபீஸ்ல மனு போடணும். நாப்பத்தஞ்சு நாளாகும்.”

“அம்புட்டு நாள் ஓடாது” என்றார் அவர், பஸ் வராது என்று சொல்கிற மாதிரி. “டாக்டர் சொல்லிட்டாரு. சரி விடு. அவகிட்டப் போய்க் கேக்குற யோக்யதை எனக்குக் கிடையாது. வேற வழி இருந்தாப் பாரு, இல்லேன்னா கெடக்கட்டும்.”

அவரை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு ராஜகனி நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தங்கபுஷ்பம் சமையல்கூட வாசலில் உட்கார்ந்து பருப்பு மூட்டைக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தாள். ராஜகனி சொன்னது முழுவதையும் கட்டிக்கொண்டே கேட்டாள்.

“விரலை வச்சா என்னாகும்?”

“அவருக்கு ஃபைல் திறந்துரும்க்கா.”

“அதில்ல. பத்திரிகை என்னாகும்?”

ராஜகனிக்கும் வழியெல்லாம் அதுதான் மனசில் உருண்டுகொண்டிருந்தது. “அறுநூறு பேர்கிட்ட இருக்குறதுலயும் தெய்வத்திரு போயிரும். திருன்னு வந்துரும். மாத்துன இடத்துல மஞ்சளாவும் காட்டும், ஒரு நாள் முழுக்க.”

“சம்பந்தி வீட்டுலயும்.”

“ஆமாக்கா.”

தங்கபுஷ்பம் முடிச்சை இறுக்கினாள். “ஞாயித்துக்கிழமை காலையில ஒம்போதரைக்குத் தாலி கட்டி முடிஞ்சுரும். பத்து மணிக்கு வந்து வைக்கிறேன்.”

“வெள்ளிக்கிழமை ஆபரேஷன்க்கா. தள்ளிப்போனா ஏதாச்சும் ஆயிரும்னு…”

“கனி, அவ அப்பன் எங்கன்னு கேட்டவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் நான் ஒவ்வொண்ணு சொல்லியிருக்கேன். வேலைக்குப் போயிருக்காரு, வெளியூர்ல இருக்காரு, வருவாரு. கடைசியா ஒரே ஒரு வாட்டி, இனிமே யாரும் கேக்காத மாதிரி ஒண்ணு சொன்னேன். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அதையும் புடுங்கிக்கிட்டா எம்மக கதி என்ன? பொய்க்காரி மகன்னு மேடையிலயே எழுந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா?”

‘ஆம்’ என்று அழுத்தியது ராஜகனியின் விரல். எல்லா ஃபைலிலும் தானாகத் திருந்த வேண்டும் என்று எழுதிக் கேட்டதும் அவள்தான். கடைக்குத் திரும்பி வந்து அந்தப் பொடி எழுத்துப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பத்தின் ரேகை பதிவாகி அங்கேயே கிடந்தது. அதை எடுத்து ஒட்டினால் கம்ப்யூட்டர் நம்பினாலும் நம்பும். ஆனால் கேட்காமல் ஒருவர் சார்பில் ‘ஆம்’ என்று அழுத்தியதில்தானே இவ்வளவும் வந்தது. அவள் அதைத் தொடவில்லை. கூடத்துக்காரர்களுக்கு எழுதினாள். ஐந்தரை தாண்டியிருந்ததால் ‘நாளைக்குப் பார்க்கலாமே’ என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை பகல் மூன்று மணிக்குத் தங்கபுஷ்பம் மாடியேறி வந்தாள். சேலையில் சாம்பார் வாசம் இருந்தது.

“இன்னிக்கு எத்தனை பிள்ளைக சாப்பிட்டாங்கன்னு எழுதிட்டு வர்றேன்” என்றாள் உட்காராமலே. “இருபத்திரண்டு வருசமா எழுதுறேன். வராத பிள்ளைய வந்ததா எழுதச் சொல்லி எத்தனையோ பேரு கேட்டுருக்காங்க. நான் எழுதுனதில்ல. வந்து தட்டோட நிக்கிற பிள்ளைய வரலைன்னும் எழுதுனதில்ல. இந்த மனுசனை மட்டும் அப்படி எழுதிட்டேன்.” தகட்டைப் பார்த்தாள். “எங்க வைக்கணும்?”

“சம்பந்திக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு…”

“சொல்ல ஆரம்பிச்சா வைக்க மாட்டேன். காட்டு.”

விரலை வைத்தாள். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது: ‘உயிருடன் இருப்பவர் உங்களுக்கு என்ன உறவு?’ கீழே பட்டியல் இருந்தது. தங்கபுஷ்பம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தாள். கணவர் என்பதைத் தாண்டிப் போய், கடைசியில் இருந்த ‘தெரிந்தவர்’ என்பதில் விரலை வைத்தாள். கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டது. பத்திரிகையில் தெய்வத்திரு மறைந்து ‘திரு’ வந்து உட்கார்ந்தது, அடியில் மஞ்சள் கோட்டோடு.

தங்கபுஷ்பம் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் நிமிர்த்தி வைத்தாள். கால் மணி நேரத்தில் அது அடித்தது. சம்பந்தியம்மாள் மனோரஞ்சிதம். தங்கபுஷ்பம் போனைக் கையில் எடுக்காமல், மேஜைமேலேயே ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“மதினி, பத்திரிகையில அண்ணாச்சி பேரு மாறியிருக்கு.”

“ஆமா மதினி.”

“உடம்புக்கு ஏதும் முடியலையோ? எதுக்குக் கேக்குறேன்னா, ஆஸ்பத்திரி, பேங்க் இப்படி எதுலயாச்சும் மாட்டுனாத்தான் இதைத் திருத்துவாங்கன்னு மகன் சொன்னான்.”

தங்கபுஷ்பம் போனை ராஜகனி பக்கம் தள்ளினாள். ராஜகனிதான் ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னாள்.

“அடப்பாவமே. அவரு இருக்குறதைப் போயா இத்தனை நாள் மறைச்சு வச்சுருந்தீக மதினி? என் தங்கச்சியைத் தூத்துக்குடியிலதானே குடுத்துருக்கோம். பொண்ணு எடுக்குற வீடு, விசாரிக்காமலா எடுப்போம்? அவரு இருக்குற தெரு வரைக்கும் எங்களுக்குத் தெரியும்.”

“அப்ப பத்திரிகை வந்தன்னைக்கே…”

“வந்தன்னைக்கே பாத்தோம். பையனோட அப்பா என்ன இதுன்னாரு. அவங்க எப்படிச் சொல்லப் பிரியப்படுறாங்களோ அப்படியே இருக்கட்டும், ஒத்தையில பிள்ளைய வளத்த பொம்பளைகிட்ட இதையெல்லாமா தோண்டுறதுன்னேன். நீங்க மட்டும் எங்க பையன் பேருக்குப் பின்னால எம்.பி.ஏ. போட்டதைக் கேட்டீகளா?”

“அதுல ரெண்டு பேப்பர் நிக்குதுன்னு தெரியும் மதினி.”

“யாரு சொன்னா?”

“நாங்களும் விசாரிச்சோம்ல.”

மனோரஞ்சிதம் சிரித்த சிரிப்பு மேஜையை அதிரவைத்தது. ராஜகனி திரையைப் பார்த்தாள். அறுநூறு பேருக்குப் போன பத்திரிகை. படித்தவர்களில் எத்தனை பேர் அந்த வார்த்தையை நம்பியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். அவளே நம்பவில்லை. நம்பியது கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

போன் வைத்ததும் ராஜகனியின் போன் அடித்தது. பாலகுருசாமி, மதுரையிலிருந்து.

“திறந்துருச்சு தாயி. பேரைச் சொன்னதும் திறந்துருச்சு. ஆனா மத்தியானமே நாளைக்கு லிஸ்ட்டு போட்டு முடிச்சுட்டாங்களாம். என் இடத்துல வேற ஒருத்தரு போயிட்டாரு. செவ்வாய்க்கிழமைன்னுருக்காங்க.”

“அதுவரைக்கும் தாங்குமா அண்ணாச்சி?”

“மாத்திரை குடுத்துருக்காங்க. படியேறக் கூடாது, உப்பு ஆகாது. ஓடுனா ஓடட்டும். விரல் வச்சவுகளுக்கு…” அவர் முடிக்கவில்லை. “சரி தாயி.”

ஸ்பீக்கர் இல்லாமலே தங்கபுஷ்பத்துக்கு எல்லாம் கேட்டிருந்தது. நேற்றே வந்திருந்தால் வெள்ளிக்கிழமையே ஆகியிருக்கும் என்பதை அவளும் சொல்லவில்லை, ராஜகனியும் சொல்லவில்லை. தங்கபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள்.

“செவ்வாய்க்கிழமை வரைக்கும் எங்க இருப்பாராம்?”

“ஆஸ்பத்திரி பக்கத்துல ரூம் எடுத்துருக்காராம்.”

“மூணு வேளையும் ஓட்டல் சாப்பாடா? அதுல உப்பு அள்ளிக் கொட்டுவானே.”

தங்கபுஷ்பம் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு” என்றாள் தங்கபுஷ்பம். “மேடை மாடியில இருக்கு, அங்க வேணாம். பந்தி கீழதான். வந்து உக்காந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும். உப்புக் கம்மியா ஒரு சாம்பார் தனியா எடுத்து வைக்கச் சொல்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை பாலகுருசாமி வந்தார். சலவை வேட்டி கட்டியிருந்தார். மேலே கெட்டிமேளம் கேட்டபோது கீழே பந்திக் கூடத்தில் தனியாக எழுந்து நின்றார், மேளம் ஓய்ந்ததும் உட்கார்ந்தார். இரண்டாவது பந்தியில் அவருக்கு இலை போட்டார்கள். பெண்ணைப் பெற்றவள் பந்தி விசாரிக்க வேண்டும் இல்லையா, தங்கபுஷ்பம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவருடைய இலைக்கு முன்னாலும் நின்றாள். மற்ற இலைகளுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றாளோ அவ்வளவு நேரம்தான். “கூச்சப்படாமச் சாப்பிடுங்க” என்று எல்லாருக்கும் சொன்னதையே சொன்னாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “இந்த இலைக்கு அந்தச் சாம்பார்” என்றாள். அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

மாலையும் கழுத்துமாகப் படியிறங்கி வந்த வர்ஷினி பந்திக் கூட வாசலில் நின்று பார்த்தாள். அம்மா கேட்டுக்கொண்டுபோன வரிசையை ஒருமுறை கண்ணால் தொடர்ந்தாள். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து, “இவங்கதான் அப்பா” என்றாள். பாலகுருசாமி சோற்றுக் கையோடு எழுந்திருக்கப் பார்த்தார். “இருங்க, சாப்பாட்டுல எந்திரிக்கக் கூடாது” என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவர்கள் போனதும் பக்கத்து இலைக்காரர், பெண் வீட்டுத் தூரத்து உறவு, குனிந்து கேட்டார். “என்னய்யா பாலகுருசாமி, உன்னையப் பத்திரிகையில என்னமோ மாதிரி போட்டுருந்தாக?”

“கம்ப்யூட்டர் மிஸ்டேக்” என்றார் பாலகுருசாமி.

“அதானே பாத்தேன்” என்றார் அவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. “எல்லாத்துக்கும் அந்தச் சனியனை நம்புனா இப்படித்தான்.”

எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ராஜகனி அதைக் கேட்டாள். சொன்னதைச் சொன்னபடி நம்பியதைத் தவிர அது ஒரு தப்பும் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்காகப் பேச அன்றைக்கு அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. அவளும் பேசவில்லை. பாயசத்துக்கு இலையில் இடம் ஒதுக்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கண்ணுகளா. அதைச் சொல்லாமல் உங்களை அனுப்ப மாட்டேன்.

உங்கள் வீட்டில் நடக்கிற நல்ல காரியத்துக்கெல்லாம் வர வேண்டியவர்கள் வந்து சேரட்டும். பேசாமல் போனவர்களுக்கும் ஒரு இலை போட உங்களுக்கு மனசும் இடமும் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்குச் சம்பந்தி வாய்த்தால், எல்லாம் தெரிந்தும் சிரித்துவிட்டுப் போகிற சம்பந்தியாக வாய்க்கட்டும். நல்லா இருங்கள்.